தர்மபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு வடிவமைப்புத் தொழில்: எழுத்திலிருந்து இணையம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். வடிவமைப்பாளராக வேண்டும் என்று எண்ணும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த அண்மை ஒரு வாய்ப்பு என்றாலும், அதுவே அவர்களை அவசரப்படுத்தியும் விடுகிறது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ வரும் ஒருவர் மூன்று மாதம் ஃபோட்டோஷாப் கற்றுக்கொண்டு பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறார். நேர்காணலில் "இந்த எழுத்தை ஏன் இங்கே வைத்தீர்கள், இந்த வண்ணத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அதற்கு விடை இல்லாமல் திரும்பி வந்து, தனக்கு இந்தத் தொழில் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அவருக்கு வராமல் போனது தொழில் அன்று. படிகளின் வரிசைதான் மாறிப்போயிற்று.

நான் தர்மபுரியில் ஒரு டிடிபி (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும்) கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் அடித்துத் தொடங்கியவன். இன்று இணையதளங்களும் பொருள்களுக்கான பெட்டிகளும் லேபிள்களும் செய்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. தமிழ் எழுத்தைப் பிழையின்றி அமைக்கவும், ஒரு லேபிளைத் தவறில்லாமல் அச்சுக்கு அனுப்பவும் பழகிக்கொண்ட பிறகு இணையத்துக்கு வருபவருக்கு உள்ளூரிலும் வேலை கிடைக்கிறது, வெளியூரிலும் மதிப்புக் கிடைக்கிறது. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

படி 1: தொழிலின் பிரிவுகளை அறிதல்

வடிவமைப்பு என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவதற்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. அழைப்பிதழ், நோட்டீஸ், பில் புக், லேபிள், கடைப்பலகை ஆகியவற்றை உருவாக்குவது வரைகலை வடிவமைப்பு. ஓர் இணையதளத்துக்கோ செயலிக்கோ வருபவர் தாம் தேடியதை எப்படிக் கண்டடைவார் என்று திட்டமிட்டுத் திரைகளை வரைவது இடைமுக வடிவமைப்பு. வேலை விளம்பரங்களில் இதனை யூஐ, யூஎக்ஸ் என்று குறிப்பிடுவார்கள். வரைந்த திரையை உலாவியில் இயங்கும் பக்கமாக எழுதுவது மூன்றாவது வேலை. எழுத்து, வண்ணம், இடைவெளி என்னும் மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது என்பதால், முதல் ஆண்டிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

படி 2: கண்ணைப் பழக்குதல்

பின்டரெஸ்ட், பிஹான்ஸ் போன்ற தளங்களில் சிறந்த பணிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உலகம் முழுவதும் அதே படங்களைப் பார்ப்பதால், அவற்றிலிருந்து மட்டும் கற்பவரின் பணியும் எல்லாருடைய பணியையும் போலவே அமைந்துவிடுகிறது. நம் மாவட்டங்களில் கண்ணுக்குப் பாடமாக இருப்பவை வேறெங்கும் கிடைக்காதவை.

தர்மபுரியில் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ள அகழ்வைப்பகத்துக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் அரை நாள் இருந்து பாருங்கள். ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட வீரன் ஒருவனின் உருவம் பலகைக்கல்லின் நடுவில் பெரிதாக இருக்கும். பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் வரிகள் மேலேயும், உருவம் விட்டுவைத்த இடங்களிலும் அமைந்திருக்கும். சிற்பிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கல். அதில் எந்த மன்னனின் ஆட்சி, யார் இறந்தான், எதற்காக இறந்தான் என்பவற்றைச் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு முதலில் வீரன் தெரிய வேண்டும். அருகில் வந்தவனுக்குச் செய்தி தெரிய வேண்டும். ஒரு சுவரொட்டியை வடிவமைப்பவர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவேதான். நம் தெருச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அந்த நடுகல்லின் இன்றைய வாரிசு என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்றைய சுவரொட்டியில் மறைந்தவரின் பெயரைவிட வருந்துவோரின் பட்டியல் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எது முதன்மை, எது துணை என்று சிற்பி எடுத்த முடிவை நாம் எடுக்கத் தவறுகிறோம். இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்தவர் வடிவமைப்பின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டார்.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களில், சில வண்ணங்களை மட்டும் கொண்டு நீண்ட கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லும் முறையைக் காணலாம். மார்கழியில் வாசலில் இடும் புள்ளிக் கோலமும் ஒரு பாடம்தான். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று முதலில் புள்ளிகளை வைத்து, அந்தக் கட்டமைப்புக்குள் கோட்டை ஓட்டும் முறைக்கும், திரையைப் பத்திகளாகப் பிரித்துக்கொண்டு அதற்குள் படத்தையும் எழுத்தையும் வைக்கும் முறைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அம்மாவோ அத்தையோ 15 புள்ளிக் கோலம் போடும்போது அருகில் அமர்ந்து, அவர் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஓசூரின் கடைவீதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே பலகையில் இடம் கேட்கின்றன. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்னும் விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. பல மொழிகளை ஒரே பரப்பில் சண்டையில்லாமல் அமர்த்தப் பழகுவதற்கு ஓசூரைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியாது.

பழைய தமிழ் அச்சுப் பணிகளைப் பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை செல்ல நேர்ந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓவியர் ஆதிமூலம் தமிழ் எழுத்துகளைத் தூரிகையால் எப்படிக் கையாண்டார் என்பதையும் தேடிப் பாருங்கள்.

வாரம் ஒரு பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லாரியின் பின்புற எழுத்து, மாம்பழக் கூழ் டப்பா, தீப்பெட்டி, பேருந்தின் வழித்தடப் பலகை என எதுவாகவும் இருக்கலாம். அதைப் படமெடுப்பதோடு நிறுத்தாமல் பென்சிலால் வரைந்து, கண் முதலில் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். ஓராண்டில் 52 பக்கங்கள் சேரும். பின்னாளில் நேர்காணலில் "ஏன்" என்று கேட்கப்படும்போது அந்தப் பக்கங்களே உங்களுக்காகப் பேசும்.

படி 3: தமிழ் எழுத்து

இந்தப் படிக்கு மற்றப் படிகளைவிட அதிக நேரம் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தமைப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள உலகம் முழுவதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தமைப்பை நாம் கற்காவிட்டால் வேறு யாரும் நமக்காகக் கற்கப்போவதில்லை.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகளை நாம் எண்ணினாலும், கணினி அவற்றை 247 தனித்தனி வடிவங்களாகச் சேமிப்பதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் "கொ" என்பது க என்னும் எழுத்தும் அதற்குப் பின் வரும் ஒகரக் குறியும் சேர்ந்தது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒற்றைக்கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் வைப்பது மென்பொருளின் வேலை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் முறை வேறு. அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று தட்டச்சு செய்கிறோம். கணினி அவற்றை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே சேமித்து வைக்கிறது. எழுத்துருவை மாற்றினால் மேட்டர் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடுவது இதனால்தான். அச்சகங்களில் இன்னும் இரண்டு முறைகளும் வழக்கத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியைப் பழகிக்கொள்வது கட்டாயம். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை பழகிவிடும்.

தொடக்க ஆண்டில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு திருமண அழைப்பிதழை யூனிகோட் எழுத்துருவில் அமைத்து, எழுத்துகளைக் கர்வ்ஸாக (எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வரைகோட்டு வடிவமாக) மாற்றாமல் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த பழைய மென்பொருளில் கோப்பைத் திறந்தபோது கொம்புகளெல்லாம் எழுத்தைவிட்டு விலகி நின்றன. யாரும் கவனிக்காமல் பிளேட் (அச்சுத் தகடு) போட்டு, 500 பத்திரிகைகள் அச்சாகிவிட்டன. மணமகளின் தாத்தா பெயரே சிதைந்திருந்தது. மறு அச்சுக்கான செலவை நான் ஏற்றுக்கொண்டேன் என்றாலும், அந்தப் பெரியவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது இன்றும் மனத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து என் கையைவிட்டுப் போகும் ஒவ்வொரு அச்சுக் கோப்பிலும் எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றிய பிரதி ஒன்று, மாற்றாத மூலப் பிரதி ஒன்று, சரியான தோற்றத்தைக் காட்டும் பிடிஎஃப் ஒன்று என மூன்று இருக்கும்.

அடோபி மென்பொருள்களில் தமிழ் உடைந்து தெரிந்தால் குறை எழுத்துருவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் விருப்ப அமைப்புகளில் டைப் என்னும் பகுதிக்குச் சென்று வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் அதுவே மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்னும் பெயரில் இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இன்டிக் ஆப்ஷன்ஸ் என்பதையும், இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரையும் இயக்க வேண்டும். இலவச மென்பொருள்களான இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகியவை எந்த மாற்றமும் இன்றித் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை, கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்துடன் கிடைப்பவை தொடக்கத்துக்குப் போதுமானவை. வணிகப் பணிக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நீண்ட உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், திரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர், தடித்த தலைப்புக்குப் பாலு தம்பி, மெல்லியது முதல் தடித்தது வரை பல எடைகள் தேவைப்படும்போது அனேக் தமிழ் அல்லது பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், கையெழுத்துச் சாயலுக்குக் கவிவானர் என்று நான் பயன்படுத்துகிறேன். ஒரே பக்கத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தமிழுக்கென்று சில பழக்கங்களும் உண்டு. நம் எழுத்துகள் "கீ" போல மேலும் "கூ" போல கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரை கொடுங்கள். தமிழ் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்து இத்தாலிக் ஆக்காதீர்கள். அழுத்தம் வேண்டுமானால் எடையை மாற்றுங்கள். நம் சொற்கள் நீளமானவை என்பதால் பத்தியை இருபுறமும் சமன் செய்தால் வரியின் நடுவில் ஆறுபோல் வெண்ணிடம் ஓடும். குறுகிய பத்தியை இடப்புறம் மட்டும் நேராக்குவது நல்லது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவங்களைப் பழைய பலகைகளில் பார்த்து வரைந்து வையுங்கள். பழமையான சாயல் கேட்கும் வாடிக்கையாளருக்கு அவை உதவும். ஆனால் உரை முழுவதும் பயன்படுத்தினால் இளையோர் படிக்கத் திணறுவார்கள்.

2010ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட இந்திய ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தமிழ் எழுத்துகளின் வடிவத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர். தாய்மொழியின் எழுத்தில் ஊன்றிய கண் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு அதுவே சான்று.

படி 4: கருவிகள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் கொண்ட, இரண்டாம் கையாக வாங்கிய கணினி போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத திசையன் (வெக்டர்) வரைவுக்கு இங்க்ஸ்கேப், படத்திருத்தத்துக்குக் கிம்ப், ஓவியத்துக்குக் கிரீட்டா ஆகியவை இலவசம். திரை வடிவமைப்புக்கு ஃபிக்மாவின் இலவசத் திட்டம் அல்லது திறந்த மூலமான பென்பாட் போதுமானது. நம் ஊர் அச்சகங்களில் கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருள் வழக்கத்தில் இருப்பதால் அதையும் கடையில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். திருட்டுப் பிரதிகளை நிறுவாதீர்கள். நம் பணிக்கு மற்றவர் பணம் தர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், மற்றவர் பணியை எடுத்துக்கொள்வது சரியாகாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் படம் தருகின்றன. எண்ணங்களைத் திரட்ட அவை உதவலாம். ஆனால் அவை உருவாக்கும் படங்களில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வரக்கூடும். எழுத்தை நீங்களே அமையுங்கள்.

படி 5: அச்சகத்தில் ஆறு மாதம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என எந்த ஊரிலும் ஒரு டிடிபி கடையிலோ ஆஃப்செட் அச்சகத்திலோ ஆறு மாதம் வேலை பாருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் திரையில் மின்னும் பச்சை தாளில் மங்கிப்போவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். திரை ஆர்ஜிபி என்னும் சிவப்பு, பச்சை, நீல ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சு சிஎம்ஒய்கே என்னும் நான்கு மைகளால் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) காட்டுகிறது. மாம்பழத்தின் ஒளிரும் மஞ்சளையும் செந்தூரத்தின் சிவப்பையும் மையில் கொண்டுவர, புரூஃப் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்குப் படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு 72 முதல் 100 வரை போதும். வெட்டும் விளிம்புக்கு வெளியே நாற்புறமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க நீட்டிய பரப்பு) விடுங்கள். முக்கியமான எழுத்தை விளிம்புக்கு உள்ளே குறைந்தது 5 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். சிறிய எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிடுங்கள். நான்கு மைகளில் அமைத்தால் தாள் ஒரு நூலிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

நம் பகுதியில் வளரக்கூடிய அச்சு வேலை உணவுப் பொருள் லேபிள்தான் என்பது என் கணிப்பு. மாம்பழக் கூழ், கேழ்வரகு மாவு, சாமை, புளி, வெல்லம் என்று விளைவிப்பதும் பதப்படுத்துவதும் இங்கேயே நடக்கின்றன. மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தம் பெயரிலேயே விற்க முன்வருகின்றன. அவர்களுக்கு அழகான லேபிளைவிடச் சட்டப்படி சரியான லேபிள் முதலில் தேவை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், சைவ உணவுக்குப் பச்சைச் சதுரக் கோட்டுக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரக் கோட்டுக்குள் பழுப்பு முக்கோணம், சேர்பொருள்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்னும் தேதி, தயாரிப்பாளரின் முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பரப்பில்தான் உங்கள் கற்பனைக்கு இடம். பெரிய கடைகளுக்குப் போக வேண்டிய பொருளுக்குப் பட்டைக்குறியீடும் தேவைப்படும். இந்தியாவில் ஜிஎஸ்1 என்னும் அமைப்பு இதற்கென வழங்கும் எண்கள் 890 என்று தொடங்கும். அந்தக் கோடுகளைச் சுற்றி வெண்ணிடம் விடாமலோ சிவப்பு நிறத்திலோ அச்சிட்டால் கருவி படிக்காது. இந்த விவரங்களை அறிந்த வடிவமைப்பாளரை வாடிக்கையாளர் எளிதில் விடமாட்டார்.

படி 6: இணையத்துக்கு வருதல்

பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் ஆகிய இரண்டையும் கையால் எழுதிக் கற்றுக்கொள்ளுங்கள். இடைமுகம் மட்டும் வரையப்போகிறவருக்கும் இது பொருந்தும்; செங்கல்லைத் தொட்டறியாதவர் வீட்டுக்குத் திட்டம் போடுவது கடினம். எம்டிஎன் தளத்தின் பாடங்களும் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தின் பயிற்சிகளும் இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அகராதியோடு படியுங்கள். தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் அதிலேயே வந்துவிடும்.

நம் ஊரில் இணையதளத்தைத் திறப்பவர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் திறக்கிறார். ஆகவே கைப்பேசிக்கு முதலில் வரைந்து, பிறகு பெரிய திரைக்கு விரியுங்கள். திரையின் அளவுக்கேற்ப ஒரே பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை இணைய வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010ஆம் ஆண்டில் பெயரிட்டு விளக்கினார். இன்று அதுவே அடிப்படை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு வழக்கமான எழுத்துக்கு 4.5க்கு 1 என்னும் விகிதத்துக்கும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்னும் விகிதத்துக்கும் குறையக் கூடாது என்பது உலக அளவிலான அணுகல் நெறி. உச்சி வெயிலில் சந்தையில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் தக்காளி வியாபாரியை நினைத்துக்கொண்டால் இந்த விதியின் தேவை விளங்கும்.

தமிழ்ப் பக்கத்துக்குச் சில கூடுதல் கவனங்கள் வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைக் கொண்டே குரலைத் தேர்ந்தெடுக்கிறது. பொத்தானில் ஆங்கிலச் சொல்லை வைத்து வரைந்துவிட்டுப் பிறகு தமிழை இட்டால் சொல் வெளியே வழியும். "பதிவுசெய்க", "விண்ணப்பிக்கவும்" போன்ற நீளமான சொல்லைக் கொண்டே முதலில் வரையுங்கள். எழுத்துரு இறங்கும்வரை பக்கம் வெறுமையாக நிற்காமல், கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துரு முதலில் தெரியும்படி அமையுங்கள்.

பயிற்சிக்கு மூன்று உண்மையான தளங்களைச் செய்யுங்கள். சந்தூர்ப் பக்கத்தில் மாங்கன்று விற்கும் நாற்றுப்பண்ணை ஒன்று, உங்கள் ஊர் நூலகம் அல்லது பள்ளி ஒன்று, உறவினரின் கடை ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். நாற்றுப்பண்ணைக்காரரிடம் போய், வாடிக்கையாளர் தொலைபேசியில் முதலில் என்ன கேட்கிறார் என்று விசாரியுங்கள். எந்த ரகம் இருக்கிறது, கன்று என்ன விலை, எப்படி வருவது என்பவைதான் கேள்விகளாக இருக்கும். முதல் திரையில் அந்த மூன்றுக்கும் விடை இருந்தால் போதும். பெரிய நிறுவனங்களில் பயனர் ஆய்வு என்று சொல்வதன் தொடக்கம் இந்த விசாரிப்புதான்.

படி 7: கல்லூரியா, கடையா

வசதியும் விருப்பமும் இருந்தால் முறையான கல்வி நல்லது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அதன் வழியில் வந்த பிற நிறுவனங்களும் தனி நுழைவுத்தேர்வு நடத்துகின்றன. ஐஐடிகளில் வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கு ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்வை, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தத் தேர்வுகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். இதைப் படிக்கும் ஆசிரியர்கள், வகுப்பில் நன்றாக வரையும் ஒரு பிள்ளைக்காவது சொல்லுங்கள். 1850இல் தோன்றிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணத்தில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியும் குறைந்த செலவில் படிக்க ஏற்றவை. வேறு பட்டப்படிப்பில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சிகள் வருகின்றன என்று பாருங்கள். பட்டம் இல்லாதவரும் இத்துறையில் நுழைய முடியும்; அவர் தம் பணிகளைத் திரட்டிக் காட்டும் பணித்தொகுப்பில் இன்னும் கூடுதலான அக்கறை காட்ட வேண்டும், அவ்வளவே.

படி 8: பணித்தொகுப்பு

ஆறு பணிகள் போதும். முப்பது பணிகளைக் காட்டினால் பார்ப்பவர் உங்கள் மிகப் பலவீனமான பணியைத்தான் நினைவில் வைப்பார். ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளரின் தேவை என்ன, நீங்கள் தள்ளிவிட்ட யோசனைகள் எவை, ஏன் தள்ளினீர்கள், இறுதியில் எது நடந்தது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். பென்சில் வரைவுகளையும் சேருங்கள். உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தை மாற்றி வரைந்ததைவிட, காவேரிப்பட்டணத்து அரிசிக் கடைக்கு உண்மையாகவே தொங்கும் பலகை மதிப்புள்ளது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அறிவிப்புகளும் பயிற்சிக் கையேடுகளும் கண்காட்சி அரங்குகளும் தொடர்ந்து தேவைப்படுகின்றன. அவ்வகைப் பணி ஒன்று தொகுப்பில் இருந்தால் அங்கே பேசுவது எளிது. பெங்களூருக்கு அனுப்பும் தொகுப்பில் தமிழ்ப் பணியை மறைக்காதீர்கள். பல மொழிகளில் இயங்கும் செயலிகளை உருவாக்கும் நிறுவனங்களுக்கு அதுவே உங்களிடம் உள்ள அரிய பொருள்.

படி 9: விலை, ஒப்பந்தம், உரிமை

விலை சொல்லக் கூச்சப்படாமல் இருக்கக் கணக்குத் தெரிய வேண்டும். உங்கள் மாதச் செலவு 25,000 ரூபாய் என்றும், வாடிக்கையாளருக்காக உண்மையில் உழைக்கக் கிடைப்பது 100 மணி நேரம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 250 ரூபாய்க்குக் கீழே போனால் நட்டம். சேமிப்பு, மின்சாரம், கணினித் தேய்மானம் ஆகியவற்றைச் சேர்த்தால் அது 350 ஆகலாம். ஒரு வேலைக்கு 20 மணி நேரம் ஆகும் என்றால் 7,000 என்று தயங்காமல் சொல்ல முடியும்.

"ஏன் தம்பி, ஒரு லோகோதானே, அரை மணி நேரத்துல போட்டுறலாமே, அதுக்கு இவ்வளவா?" என்று கடைக்காரர் கேட்பார். அவர் அவமதிக்கவில்லை, நம் வேலையில் பாதி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. "அண்ணா, நீங்க எடுக்கிற முடிவு பத்து வருஷம் உங்க பலகையில இருக்கப்போகுது. அதுக்கு நான் என்னென்ன பார்த்தேன்னு காட்டுறேன், பாருங்க" என்று சொல்லி வரைவுகளை மேசைமேல் பரப்புங்கள். விலையைக் குறைக்க நேர்ந்தால் வேலையின் அளவையும் குறையுங்கள். அதே வேலையைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்றாகிவிடும். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். இரண்டு திருத்தங்கள் விலைக்குள் அடங்கும், அதற்குமேல் தனிக் கட்டணம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவரது ஒப்புதலைப் பெறுங்கள். இறுதி மேட்டரில் வாடிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள்.

உரிமை பற்றிய அறிவு நம்மிடையே மிகக் குறைவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே உரிமையாளர். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. ஆகவே ஒரு சின்னம் செய்து கொடுக்கும்போது, முழுப் பணம் வந்த பின் எல்லா உரிமையும் எக்காலத்துக்கும் எல்லா நாடுகளுக்கும் வாடிக்கையாளருக்கு மாறும் என்றும், உங்கள் பணித்தொகுப்பில் காட்டும் அனுமதி உங்களுக்கு உண்டு என்றும் இரண்டு வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். சின்னத்தை வணிகக் குறியாகப் பதிவு செய்யும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வருமான வரிக்கு ஓர் ஆடிட்டரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

படி 10: கோப்பை ஒப்படைத்தலும் பாதுகாத்தலும்

பணி முடிந்ததும் சின்னத்தைத் திசையன் கோப்பாகவும், பின்னணியில்லாத பிஎன்ஜியாகவும், ஒற்றை வண்ணப் பிரதியாகவும் கொடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்பவருக்கும் பில் புக் அச்சிடுபவருக்கும் அந்த ஒற்றை வண்ணப் பிரதிதான் வேண்டும். வண்ண எண்களையும் எழுத்துருவின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். உங்களிடம் உள்ள மூலக் கோப்பை வாடிக்கையாளர் பெயர், ஆண்டு, வேலை என்ற வரிசையில் பெயரிட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் இணையச் சேமிப்பகம் ஒன்றிலும் வையுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த நாற்றுப்பண்ணைக்காரர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, கடையை பைபாஸ் பக்கம் மாத்திட்டேன், முகவரி மட்டும் மாத்திக் கொடுக்கணும்" என்பார். கோப்பு ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்தால், புதிய கடைக்கான பலகை வேலையையும் அந்த அழைப்பிலேயே பேசி முடித்துவிடலாம்.